எட்டுக்கு ஒன்றாய்ச் சுண்டிய பாலைவனம்

பம்பாயில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, சட்டைகளைத் தள்ளிவிட்டு, ஒரு கட்டுக் குச்சிகளை வெளியே எடுத்தார். ரேடியோ இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். டேப் ரெக்கார்டர்? அதுவும் இல்லை. "அப்படியானால் ஈரானிலிருந்து துடைப்பமா கொண்டு வருகிறாய்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, கட்டை முகர்ந்து பார்த்து, இரண்டு தும்மல் போட்டு, போ என்று கையைக் காட்டினார். வெளிநாடு போய் வெறுங்கையோடு திரும்பும் ஒருவனை அவர் அன்றுதான் பார்த்திருக்க வேண்டும். முகத்தில் அப்படியொரு இரக்கம்.

அது துடைப்பமில்லை. ஈரானின் கிழக்கு ஓரத்துப் பாலைவனத்தில் எங்கள் கம்பெனி சாலை போட்டுக்கொண்டிருந்தது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். அந்த மண்ணில் இலையே இல்லாமல், கணுக் கணுவாகப் பச்சைக் குச்சிகளை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு புதர்ச் செடி வளரும். அந்த ஊர்ப் பலூச்சி மக்கள் அதை 'ஹூம்' என்பார்கள். புழுதிக் காற்றடித்து எனக்கு மூச்சுத் திணறியபோது முகாமில் டீக்கடை வைத்திருந்த ரஹ்மத் அதில் நாலு துண்டு கிள்ளி, கெண்டியில் போட்டு, டீயாகக் கொடுத்தான். நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது.

என் அறைத் தோழன் குணசேகரன் கிரேன் ஓட்டுகிறவன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அவன் ஊர். அவனுடைய அண்ணன் தங்கராசுவுக்குப் பல வருடங்களாக இழுப்பு. குணசேகரனுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. "அண்ணன் கையில இதைக் குடுத்துட்டு, அண்ணி கையால ஒரு வாய் சாப்பிட்டுட்டு வா. அவ்வளவுதான் வேலை" என்றான். புறப்படும்போது ரஹ்மத் பெருவிரலைக் காட்டி, நகத்தின் நீளத்துக்கு நாலே துண்டு, ஐந்தாவது வேண்டாம், வேறு மருந்து சாப்பிடுகிறவனுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்று ஃபார்சியில் சொன்னான். எனக்கு ஃபார்சி பாதிதான் வரும். நாலு துண்டு என்பது மட்டும் மனதில் நின்றது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எங்கள் முகாமில் ஒரு லாரி டிரைவர் தூக்கம் வராமலிருக்க ஹூம் குச்சியைக் கெட்டியாகக் காய்ச்சிக் குடித்துவிட்டு, நின்றுகொண்டிருந்த லாரியை மூன்று மணி நேரம் ஓட்டினான். வளைவு வரும்போதெல்லாம் ஹாரன் அடித்தான். மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் இரண்டு வாரம் எழுந்திருக்கவில்லை. சாத்தூரில் என் வீட்டில் இருந்த பத்து நாளும் முதல் பாதியைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். இரண்டாம் பாதியைச் சொன்னால் கதை சப்பென்று போய்விடுகிறது என்பதால் சொல்வதில்லை.

முதல் நாள்.

நான் கரிசல் காட்டுக்காரன். எங்கள் பக்கம் இவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் கூடினால் கலைந்து போகச் சொல்லிப் போலீஸ் வந்துவிடும். இங்கே, குணசேகரன் ஊருக்குப் போகும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் தண்ணீர். வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், ரோட்டுப் பள்ளத்தில் தண்ணீர், பஸ் கூரையிலிருந்து என் கழுத்தில் தண்ணீர். புரட்டாசி மாதம், சம்பா நடவு. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரர், "என்ன, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஒரு வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. செங்கொடி பிடித்து ஓர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. உழுகிறவனுக்கே நிலம் என்று கோஷம். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "செவப்பு போவுது. பின்னாலயே கறுப்பு செவப்பும் வருதாம். அரை மணி ஆவும், இறங்கிக்கிறவங்க இறங்கிக்கலாம்" என்று அறிவித்தார். உடனே பயணிகளில் ஏழெட்டுப் பேர் சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு வாய்க்காலில் குதித்துக் குளிக்க ஆரம்பித்தார்கள்! பஸ் நின்றால் குளிக்கிற ஒரு ஜனத்தை நான் உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கும் காலையாவது நனைக்க ஆசை வந்து படித்துறையில் இறங்கினேன். பாசி வழுக்கியது. ஈரானில் வாங்கிய என் இடது கால் ஷூ தனியாகக் கிளம்பிக் கடலைப் பார்த்துப் போய்விட்டது.

ஒற்றை ஷூவும் பேண்ட்டும் பெட்டியுமாக ஊருக்குள் நுழைந்தவனுக்கு யாரும் வழி சொல்லவில்லை. தங்கராசு வீடு எது என்றால், "எதுக்கு?" என்கிறார்கள். கடைசியில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க பதிவு ஆபீஸா, பண்ணை ஆளா?" என்று கேட்டார். ஈரானிலிருந்து குணசேகரன் அனுப்பினான் என்றதும் அவர் முகம் மலர்ந்து, என் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். அவர் ஓடுவது வரப்பில் என்பதை நான் இரண்டு தடவை விழுந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

தங்கராசு அண்ணன் வாசலில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்துக் குழி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. "வாங்க தம்பி..." என்று ஒரு மூச்சு. "குணா..." இன்னொரு மூச்சு. "நல்லாருக்கானா?" இந்த நாலு வார்த்தைக்கு அரை நிமிடம் ஆயிற்று. அதற்குள் நான் பயணம் முழுவதையும் சொல்லி முடித்திருந்தேன்.

அவர் மனைவி சௌந்தரம் அண்ணி நடவிலிருந்து வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. கழுவிவிட்டு உட்கார்ந்து, கால் விரல் இடுக்குகளில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து வைத்தார். இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்து, சிவப்பாகப் பிளந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "சேத்துப்புண்ணு தம்பி. நடவு முடியிற வரைக்கும் கூடவே இருக்கும். ஆறுற நேரத்துக்குக் களையெடுப்பு வந்துரும்" என்று சிரித்தார். கல்லும் மணலுமாக நடந்து வெடித்த கால்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். தண்ணீர் கூடக் காலைத் தின்னும் என்று தெரியாது.

சாப்பாடு வயல் நண்டுக் குழம்பு. பாலைவனத்தில் ஆறு மாதம் காய்ந்த ரொட்டியைக் கடித்தவன் நான். முதல் நண்டை ஓட்டோடு கடித்துவிட்டேன். இரண்டாவதை எப்படி உடைப்பது என்று அண்ணி காட்டிக் கொடுத்தார். மூன்றாவதிலிருந்து யாரும் எனக்கு எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது. தங்கராசு அண்ணன் பண்ணையின் நிலம் ஒன்பது மாவை, அதாவது மூன்று ஏக்கரை, இருபது வருடமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். எல்லாம் வாய்வார்த்தை, துண்டுச் சீட்டுக் கிடையாது. இப்போது அரசாங்கம் குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறது. பெயர் ஏறிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அறுவடைக்கு முன்பே அண்ணன் வெளியே. பண்ணையின் காரியக்காரர் நடேசன், இவர் குத்தகைதாரரே இல்லை, கூலியாள் என்று மனுப் போட்டிருக்கிறார்.

"போன விசாரணையில தாசில்தார் இவங்களப் பார்த்து, நீங்க சொல்லுங்கன்னாரு. வாயத் தொறந்தாங்க, இழுப்பு வந்துருச்சு. ஒரு வார்த்தை வரல. கூலியாள்னு அவருக்கே தெரியும், அதான் வாய் வரலன்னு நடேசன் சொல்லிட்டாரு. தாசில்தார்தான் பாவம் பார்த்துக் கடைசியா ஒரு வாய்தா குடுத்தாரு. நாளைக் கழிச்சு" என்றார் அண்ணி.

நான் குழம்புக் கையோடு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். வாழ்க்கையில் சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் வந்து சேர்ந்தது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள்.

காலையில் நானே டீ போட்டேன். நக நீளத்துக்கு நாலு துண்டு, அளந்து கிள்ளினேன். அண்ணன் ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர். கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அவர் தொண்டையைக் கனைத்து, "தம்பி, இந்த மாட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் புடிச்சுக் கட்டிட்டு வர்றீங்களா, துணிய மேயுது" என்றார்.

அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். நடுவில் மூச்சு வாங்காமல் அவர் இவ்வளவு நீளம் பேசி ஐந்து வருடமாகிறதாம். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். அண்ணன் இன்னொரு தடவை சொன்னார். மாடு துணியைத் தின்று முடித்திருந்தது. மூவரும் சிரித்தோம். தின்றது என் பயண வேட்டி என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதும் சிரித்தோம்.

அன்று முழுக்க வயலில் திரிந்தோம். எனக்கும் ஹூம் ஏறியிருந்ததால் வரப்பு எனக்கு ராஜபாட்டையாகிவிட்டது. நான் பேச, அவர் பேச, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச, நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "ஈரான் தம்பி, எறங்கி ஒரு முடி நாத்து நட்டுட்டுப் போங்க" என்றாள். இறங்கினேன். ஒரு முடி நாற்றை நட்டு முடிக்க எனக்கு ஆன நேரத்தில் அண்ணி வரிசை முழுவதையும் முடித்துவிட்டு, திரும்பி வந்து, நான் நட்டதைப் பிடுங்கி நேராக நட்டார்.

அண்ணன் ஒவ்வொரு மூலையையும் காட்டினார். இந்த மூலை உவர், இங்கே நாற்றை நெருக்கி நட வேண்டும். இந்த வரப்பில் நண்டு வளை, கார்த்திகையில் அடைக்காவிட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். நடுவில் நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இது இழுப்புக்கு மருந்துக் கடையில குடுக்குறது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இதுவும் இருக்கட்டும், உங்க செடியும் இருக்கட்டும். ரெட்டை மாடு பூட்டுனா வண்டி சுருக்கா போவுமுல்ல" என்றார். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. ரஹ்மத் ஏதோ சொன்னானே என்று ஒரு விநாடி நெருடியது. அதற்குள் கொக்குக் கூட்டம் ஒன்று எழுந்து பறந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் அண்ணி ஒரு குச்சியை எடுத்து ஒடித்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "துவர்ப்பா இருக்கு தம்பி. டீயில நாலு துண்டுக்கே இப்படின்னா, முறையா கஷாயம் வச்சா எப்படி இருக்கும்? மருந்துன்னா எட்டுக்கு ஒண்ணாச் சுண்டணும். டீத்தண்ணியெல்லாம் மருந்தாவுமா? நாளைக்கு நடேசன் ஒரு மணி நேரம் பேசுவாரு, இவங்க தாங்கணும்."

எங்கள் ஊரிலும் கஷாயம் அப்படித்தான். ஒரு கைப்பிடி மருந்து, எட்டுப் பங்கு தண்ணீர், ஒரு பங்காக வற்றும் வரைக்கும் நெருப்பு. தமிழ்நாட்டில் எந்த வேரும் எந்தப் பட்டையும் அதற்குத் தப்பியதில்லை. பலூச்சிகள் நாலு துண்டோடு நிறுத்திக்கொள்வது கஞ்சத்தனம் என்று அந்த நேரத்தில் எனக்கே தோன்றியது.

"வச்சாத் தப்பில்லையே?" என்று அண்ணி கேட்டார்.

"செடிதானே அண்ணி, செடி என்ன செய்யப் போகுது?" என்றேன். கூடவே, உற்சாகத்தில், லாரி ஓட்டிய டிரைவர் கதையையும் சொன்னேன். முதல் பாதி. அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தினால் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்.

விழித்தபோது அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கைப்பிடி ஹூம், அண்ணியின் கைப்பிடி. சுக்கு, மிளகு, திப்பிலி, பனங்கற்கண்டு என்று நம்மூர்ப் பரிவாரம் அனைத்தும் கூடச் சேர்ந்திருந்தது. ஒரு டம்ளராக வற்றியது தார் நிறத்தில் இருந்தது. ருசி பார்க்க நான் இரண்டு வாய் குடித்தேன். அண்ணன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மீதி முழுவதையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

விசாரணை பள்ளிக்கூடத்தில். ஒரு மைல் தூரம். போன தடவை ஏழு இடத்தில் உட்கார்ந்து போனவர், இந்தத் தடவை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணியும் நானும் ஓட்டமும் நடையுமாகப் பின்னால். போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். ஓர் எருமையையும் விசாரித்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தாசில்தார் ஒல்லியான மனிதர், பேனாவை மூடாமல் காதில் செருகும் பழக்கம். காரியக்காரர் நடேசன் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். ஊர் ஜன்னலில் நின்றது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அடுத்தடுத்த வாய்தாக்காரர்கள், பண்ணைக்குப் பயந்து சாட்சி சொல்ல வராதவர்கள்.

"நீங்க சொல்லுங்க" என்றார் தாசில்தார்.

அண்ணன் சொன்னார். அடடா, எப்படிச் சொன்னார்! இருபது வருடத்தில் எந்தப் போகத்துக்கு எந்த விதை, எந்த வருடம் வெள்ளத்தில் நாற்றங்கால் போயிற்று, உவர் மூலைக்கு எத்தனை வண்டி எரு அடித்தார், எல்லாம் தடையில்லாமல் வந்தது. நடேசன் இரண்டு தடவை எழுந்தார், இரண்டு தடவையும் உட்கார்ந்தார். தாசில்தார் எழுதிக்கொண்டே இருந்தார். ஜன்னலில் ஒருவர் கை தட்டினார். எனக்கு நானே பேசுவதுபோல் பெருமை தாங்கவில்லை. அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் அங்கேயே முடித்திருப்பேன்.

உட்காரவில்லை. குரல் ஏறியது. தோளில் இல்லாத துண்டைச் சரி செய்துகொண்டார். "வரப்பிலே நின்று வாழ்வைத் தேடினோம், வாய்க்காலிலே நின்று வழியைத் தேடினோம்!" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்துவிட்டார். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். தாசில்தார், போதுங்க, உட்காருங்க என்றார். அண்ணன் காதில் விழவில்லை. மனதில் இருந்ததெல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. பண்ணைத் தோப்பில் இளநீர் திருடியது. முறை வருவதற்கு முன்பே மடையைத் திறந்து தண்ணீர் வைத்தது. நடேசனின் ஆட்டுக்குட்டி காணாமல் போனது பற்றி. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"நான் பொய் சொல்ல மாட்டேங்க! போன வருஷ சம்பாவுல இந்தக் காலு வயல்ல படவேயில்ல! இழுப்பு! படுத்த படுக்கை! உழவு, நடவு, அறுப்பு, எதுக்கும் நான் எறங்கல!"

நடேசன் எழுந்தார். "எழுதிக்குங்க ஐயா. அவரே சொல்றாரு."

தாசில்தாரின் பேனா நின்றது. பிறகு எழுதியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், ஆனால் இப்போது வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. கை நடுங்கி மேஜையில் இருந்த மசிப் புட்டி கவிழ்ந்தது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. "நெஞ்சு... ஓடுது" என்றார். அப்படியே மடிந்து விழுந்தார்.

அந்த விநாடி எனக்கு அந்த லாரி டிரைவரின் இரண்டாம் பாதி நினைவுக்கு வந்தது.

ஊரில் இருந்த ஒரே வண்டி தாசில்தாரின் ஜீப். அவரே பின் கதவைத் திறந்தார். அண்ணன் தலை அண்ணி மடியில். நான் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நாடி எண்ண முடியாத வேகத்தில் போனது, நடுநடுவே ஒன்றைத் தவறவிட்டது. என் நெஞ்சும் அடித்துக்கொண்டிருந்தது, அது அந்த இரண்டு வாயா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மைல் போனதும் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. எதிரே முதல் நாள் பார்த்த அதே செங்கொடி ஊர்வலம். அரசாங்க ஜீப்பைப் பார்த்ததும் கோஷம் உரத்தது. அண்ணி தலையை வெளியே நீட்டி, "எங்க வீட்டுக்காரங்க சாவுறாங்க, தள்ளுங்கய்யா!" என்று கத்தினார். கொடிகளை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு அத்தனை பேரும் தோள் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்களும் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஜீப் எழும்பியது. சேறு எல்லார் மேலும் ஒன்றாகவே தெறித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். ஊசி போட்டுவிட்டு, அண்ணன் சட்டைப் பையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார். "இதைத் தவிர வேற என்ன குடிச்சார்?" நான் பையிலிருந்த மிச்சக் குச்சிகளை எடுத்து நீட்டினேன். எப்படிக் குடித்தார் என்று கேட்டார். அண்ணி சொன்னார், எட்டுக்கு ஒண்ணு.

"இது எபிட்ரா செடி. இந்த மாத்திரையில இருக்கிற மருந்தேதான் இதுலயும் இருக்கு. மாத்திரையில அளவு தெரியும், இதுல தெரியாது. அதைப் போட்டுக்கிட்டு, இதையும் சுண்டக் காய்ச்சிக் குடிச்சிருக்கார். மூச்சைத் திறக்கிற அதே சரக்குதான் இதயத்தையும் விரட்டும். செடின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு யாருங்க சொன்னது?"

நான் சொன்னேன் என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, டிரைவர் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்ததையும் சொன்னேன்.

"அந்தப் பாதிய முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் அண்ணி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான்காம் நாள்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். நாடி அடங்கிவிட்டது, இழுப்புத் திரும்பிவிட்டது. மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வராந்தாவுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குத் தாசில்தார் பதிவேட்டோடு வந்தார். பின்னாலேயே நடேசன். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டாக்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு, நேற்று எழுதிய காகிதத்தை எடுத்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார். இருபது வருட விதையும் எருவும் அந்தக் கோட்டுக்கு அடியில் போயிற்று.

நடேசன் பதறினார். "ஐயா, அவர் வாயாலயே சொன்னதுங்க. வயல்ல எறங்கலன்னு..."

"நேத்துப் பேசினது செடி, நடேசன். நல்லாப் பேசினதும் அதுதான், உளறினதும் அதுதான். எதையும் நான் எடுத்துக்கல. இன்னைக்கு ஆளு பேசட்டும்." அண்ணன் பக்கம் குனிந்தார். "மெதுவாச் சொல்லுங்க. போன சம்பாவுல நீங்க வயல்ல எறங்கினீங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தார். கழுத்துக் குழி உள்ளே போயிற்று. நான் அவருக்காக மூச்சை இழுத்தேன், அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. 'ஆமா' என்று ஒரு பொய் சொன்னால் போதும். அதற்கு அவரிடம் மூச்சு இருந்தது.

"இல்லீங்க" என்றார்.

நடேசன் சிரித்தார். தாசில்தார் சிரிக்கவில்லை. "அப்ப யாரு எறங்கினது?"

அண்ணனுக்கு அடுத்த மூச்சு வரவில்லை. கையைத் தூக்கிக் கட்டிலின் கால்மாட்டைக் காட்டினார். அங்கே அண்ணி நின்றுகொண்டிருந்தார். "இவ" என்றார்.

தாசில்தார் அண்ணியைப் பார்த்தார். பிறகு குனிந்து அவர் காலைப் பார்த்தார். மஞ்சள் அப்பிய விரல்கள், வெந்து பிளந்த இடுக்குகள், தேய்ந்துபோன நகங்கள். வெகு நேரம் பார்த்தார். அண்ணி கூச்சத்தில் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"குடும்பத்து ஆள் உடம்பால உழைச்சாலும் சட்டப்படி அது குத்தகைதாரர் சாகுபடிதான், நடேசன். உங்களுக்குத் தெரியாததில்ல" என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்த பேனாவை எடுத்தார். "இந்தக் காலு பொய் சொல்லாது. கூலிக்காரங்களை வச்சுப் பயிர் செஞ்சோம்னு பண்ணை சொல்லுது, சரி. அவங்க யாராவது ஒருத்தர் பேரு சொல்லுங்க."

நடேசனால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. பேனா நகர்ந்தது. முதலில் தங்கராசு என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, சாகுபடி செய்பவர் மனைவி சௌந்தரம் என்று பக்கத்திலேயே எழுதினார்.

மூன்று நாளாக அந்தக் கால் என் கண் முன்னாலேயே இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் நண்டு தின்றேன், அதன் பக்கத்தில் நின்றுதான் நாற்றுக் கோணலாக நட்டேன். அதைச் சாட்சியாகக் காட்டலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, பேச்சைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

முகாமுக்குத் திரும்பியதும் குணசேகரனிடம் முழுக் கதையையும் சொன்னேன், இரண்டு பாதியையும். அவன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரஹ்மத் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். வெடித்த காலுக்கு அவர்கள் ஆட்டுக் கொழுப்பில் ஒரு களிம்பு செய்கிறார்கள். டாக்டர் ஒருத்தரிடம் காட்டிக் கேட்ட பிறகு, ஒரு டப்பா நிறைய வாங்கி, அண்ணிக்கு அனுப்பக் கட்டினோம்.

மூடியின் மேல் நானே பெரிய எழுத்தில் எழுதினேன்: வெளிப்பூச்சு மட்டும். கஷாயம் வைக்கக் கூடாது.